நான்கடிக் காதற்பாட்டை அலகிட்டுப் படிக்கும் முறை

மூணாற்றையும் தேவிகுளத்தையும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் யாப்பு சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு காதற்பாட்டைக் கொடுத்து அதன் ஓசையை ஆராய்ந்து எழுதச் சொன்னால், பெரும்பாலோர் பாட்டின் பொருளை ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, இறுதியில் 'எதுகையும் மோனையும் சிறப்பாக அமைந்துள்ளன' என்று ஒரு வரி சேர்த்து முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை எந்தப் பாட்டின் கீழும் எழுதலாம் என்பதே அதன் குறை. ஓசையைப் பற்றிச் சொல்லும் சொல் அந்த ஒரு பாட்டுக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்க வேண்டும். அதற்கான வழியை ஒரு பாட்டை முழுவதும் அலகிட்டு, அதாவது சீராகவும் அசையாகவும் பிரித்துக் காட்டியே விளக்குகிறேன்.

எடுத்துக்கொள்வது குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு. பாடியவர் தேவகுலத்தார், கூற்று தலைவியுடையது. தோழி தலைவனைக் குறை சொல்ல, அதற்கு மறுமொழியாகத் தலைவி அவனோடு தனக்குள்ள நட்பின் அளவைச் சொல்கிறாள். 2006இலும் 2018இலும் எங்கள் மலைகள் நீலமாகியதைக் கண்ட பிள்ளைகளுக்கு இதில் வரும் குறிஞ்சிப்பூவை விளக்க வேண்டியதில்லை என்பதும் இதைத் தேர்ந்துகொண்டதற்கு ஒரு காரணம்.

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

முதலில் பொருளை மூன்று இடங்களில் மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'உயர்ந்தன்று' என்பதைப் பார்த்ததும் 'உயர்ந்தது அன்று' என்று எதிர்மறையாகக் கொள்ளத் தோன்றும். அது 'உயர்ந்தது' என்னும் உடன்பாட்டுப் பொருளில் வந்த பழைய வடிவம். 'ஆரளவின்று' என்பதும் அப்படியே, அளத்தற்கரிய ஆழமுடையது என்று பொருள்படும். மூன்றாவது 'சாரல்'. எங்கள் ஊரில் சாரல் என்றால் ஆண்டில் பாதி நாள் முகத்தில் அடிக்கும் நுண்மழை. பாட்டில் அது மலைச்சரிவு. இவற்றைத் தெரிந்துகொண்டபின் பொருளை ஓரமாக வைத்துவிட்டு, பாட்டை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தவர் எழுதிய ஓசை ஆராய்ச்சி எப்படியும் வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, பாட்டை ஒரு தாளில் சீர் சீராகப் பிரித்து எழுத வேண்டும். சீர் என்பது அடியின் ஓசைத் துண்டு; அது சொல் அன்று. 'ஆரளவின்றே' என்பது பொருளால் ஒரே தொடர்; ஆனால் ஓசைக்காக அது 'ஆரள', 'வின்றே' என இரு சீராக உடைகிறது. இப்படிச் சொல்லை ஓசைக்காகப் பிளப்பதற்கு வகையுளி என்று பெயர். பதிப்பாசிரியர்கள் சிலர் சீர் பிரித்தும், சிலர் பொருள் விளங்கச் சொல் பிரித்தும் அச்சிடுவதால், கையிலிருக்கும் புத்தகத்தின் இடைவெளியை நம்பி எண்ணத் தொடங்கினால் கணக்குத் தவறிப்போகும். சரியாகப் பிரித்தால் முதலடியில் நான்கு, இரண்டாமடியில் நான்கு, மூன்றாமடியில் மூன்று, கடைசி அடியில் நான்கு என்று மொத்தம் பதினைந்து சீர்கள் வரும். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, மூன்று சீராய்க் குறைந்தும், ஏனைய அடிகள் நான்கு சீராயும், முடிவு ஏகாரமாயும் இருப்பதால் இது நேரிசை ஆசிரியப்பா. பாவின் பெயரை எழுதியதோடு வேலை முடிந்தது என்று இங்கே பேனாவை மூடிவிடாதீர்கள்.

இனி ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்னும் அசைகளாகப் பிரிக்க வேண்டும். குறில் தனியாகவோ நெடில் தனியாகவோ, ஒற்றடுத்தோ வந்தால் நேர்; இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நிரை. இதில் கேரளப் பள்ளிகளில் மலையாளமும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகள் ஒரு தவறு செய்வார்கள். மலையாள வகுப்பில் குரு (நீண்ட ஓசை), லகு (குறுகிய ஓசை) என்று எழுத்தெழுத்தாக எண்ணிப் பழகியவர்கள், 'நிலத்தினும்' என்பதை லகு, குரு, லகு, குரு என நான்காக எண்ணிவிடுவார்கள். சமஸ்கிருத வழிவந்த விருத்தக் கணக்கில் அது சரி. தமிழில் 'நி' என்ற குறில், தன்னை அடுத்த 'ல'வையும் அதன் ஒற்றையும் சேர்த்துக்கொண்டு 'நிலத்' என்று ஒரே அசையாகிவிடும். அடுத்து 'தினும்' இன்னொரு அசை. நிலத் / தினும், நிரை நிரை, ஆகவே கருவிளம். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. மலையாளத்தை மறக்கச் சொல்வதைவிட அதுவே பயன் தருகிறது.

முதலடியை முடித்தால் நிலத்தினும் கருவிளம், பெரிதே (நிரை நேர்) புளிமா, வானினும் (நேர் நிரை) கூவிளம் என்று தடையின்றி வரும். 'உயர்ந்தன்று' என்ற நான்காம் சீரில் சற்று நிற்க வேண்டும். உயர்ந் / தன் / று என மூன்று அசையாகப் பிரித்தால் புளிமாங்காய் என்னும் காய்ச்சீர் ஆகும். பிற்கால யாப்பு நூலான யாப்பருங்கலக்காரிகை வழியில் படித்த எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் ஈற்றிலுள்ள 'று' குற்றியலுகரம். அது முழு ஓசையோடு ஒலிப்பதில்லை. தொல்காப்பியர் இத்தகைய உகரத்தை முன்னுள்ள அசையோடு சேர்த்து நேர்பு, நிரைபு என்று தனி அசைகளாகவே கொண்டார். அவர் கணக்கில் 'தன்று' என்பது நேர்பு என்னும் ஓரசை. சீர் உயர்ந் / தன்று என்று ஈரசையாகவே நிற்கும். தேர்வுத் தாளில் காய்ச்சீர் என்று எழுதுங்கள், மதிப்பெண் குறையாது. காதுக்கு எது உண்மை என்று கேட்டால், சங்கப் பாட்டுக்குத் தொல்காப்பியர் கணக்கே நெருக்கமானது என்பது என் எண்ணம். பாட்டு முழுவதிலும் காய்ச்சீராகத் தோன்றுவன உயர்ந்தன்று, பூக்கொண்டு, நாடனொடு என்னும் மூன்றே. மூன்றும் குற்றியலுகரத்தால் ஆனவை. ஆகவே இப்பாட்டில் ஈரசை நடையே முற்றிலும் ஓடுகிறது என்று சொல்லத் தகும்.

மற்ற சீர்களை விரைவாகவே முடிக்கலாம். நீரினும், ஆரள இரண்டும் கூவிளம். வின்றே, சாரல் இரண்டும் (நேர் நேர்) தேமா. கருங்கோற், குறிஞ்சிப் இரண்டும் புளிமா, பூக்கொண்டு தேமாங்காய். பெருந்தேன், இழைக்கும் இரண்டும் மீண்டும் புளிமா, நாடனொடு கூவிளங்காய், நட்பே தேமா.

பெயர்களை எழுதியபின் தாளைத் தள்ளி வைத்துப் பாருங்கள்; பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடும் படி இதுவே. விளம் என்று பெயர் முடியும் விளச்சீர்கள் எங்கே இருக்கின்றன? ஒன்றாம் சீர், மூன்றாம் சீர், ஐந்தாம் சீர், ஆறாம் சீர். ஆறாம் சீருக்குப் பிறகு பாட்டின் முடிவுவரை ஒரு விளச்சீர்கூட இல்லை. நிலம், வானம், நீர் என்று அளந்து காட்டும் பகுதி விளத்தில் நடக்கிறது. மலைச்சரிவுக்குள் நுழைந்ததும் நடை மாச்சீருக்கு மாறிவிடுகிறது. மேலும், கடைசி இரண்டு அடிகளும் புளிமா புளிமா என்று ஒரேமாதிரி தொடங்குகின்றன. பொருளைப் படித்து மட்டும் இதைக் கண்டிருக்க முடியாது, அலகிட்டதால் கிடைத்தது.

அடுத்தடுத்த இரு சீர்கள் இணையும் விதமான தளையைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. பதினான்கு இணைப்புகளில் ஆறு ஆசிரியத்தளை, ஏழு வெண்டளை, ஒன்று கலித்தளை. ஆசிரியப்பாவில் பிற தளைகள் கலப்பது வழக்கமே. எண்ணிக்கையைவிட இடம் முக்கியம்: முதலடிக்குள் உள்ள மூன்று இணைப்புகளும் ஆசிரியத்தளை. பாட்டு தன் நடையை முதலடியிலேயே உறுதியாக நிறுத்திக்கொண்டு, பிறகு தளர்த்துகிறது.

அடுத்தது தொடை, அதாவது அடிகளையும் சீர்களையும் ஒலியால் பிணைக்கும் கட்டு. ஆங்கிலப் பாடத்தில் கவிதை படித்தவர்கள் அடியின் கடைசிச் சொல்லில் ஒலியொற்றுமையைத் தேடுவார்கள். தமிழில் அது இயைபு என்ற ஒருவகை மட்டுமே. நம் கவிதை அடியின் தலைப்பக்கத்திலேயே கட்டப்படுகிறது. முதலெழுத்து ஒன்றுவது மோனை, முதலெழுத்து அளவொத்து இரண்டாமெழுத்து ஒன்றுவது எதுகை. மலையாளத்துக்கும் இது அயலன்று. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லீலாதிலகம், 'பாட்டு' என்னும் இலக்கிய வகையை வரையறுக்கும்போதே எதுகையையும் மோனையையும் அதன் உறுப்பாகச் சொல்கிறது. பிற்காலத்தில் த்விதீயாக்ஷர பிராசம் என்ற பெயரில் இந்த இரண்டாமெழுத்து ஒற்றுமை கவிதைக்குக் கட்டாயமா என்று கேரளவர்மாவின் தரப்புக்கும் ஏ.ஆர். ராஜராஜவர்மாவின் தரப்புக்கும் இடையே பெரிய வாதமே நடந்தது. எதுகை என்றதும் 'இது எங்கள் பிராசம்தானே' என்று ஒரு மலையாளப் பையன் என்னிடம் கேட்டது சரியான கேள்விதான்.

தொடையைத் தேடும்போது முதலில் அடிகளை நெடுக்காகப் பாருங்கள், பிறகு ஒவ்வோர் அடியையும் குறுக்காகப் பாருங்கள். நெடுக்காகப் பார்த்தால் நிலத்தினும், நீரினும் என்று முதலிரண்டு அடிகளும் மோனையால் பிணைந்துள்ளன. கருங்கோல், பெருந்தேன் என்று பின்னிரண்டு அடிகளும் எதுகையால் பிணைந்துள்ளன. அதாவது அளக்கும் பாதிக்கு ஒரு கட்டு, மலையைக் காட்டும் பாதிக்கு வேறொரு கட்டு. சீர் வாய்பாட்டில் கண்ட பிரிவு தொடையிலும் அதே இடத்தில் விழுகிறது. இப்படி இரண்டு தனித்தனிச் சோதனைகள் ஒரே முடிவைத் தரும்போது தயக்கமின்றி எழுதலாம்.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. 'நிலத்தினும், நீரினும் இரண்டிலும் இனும் வருகிறதே, அது எதுகை ஆகாதா' என்று கேட்பவர் உண்டு. ஆகாது, எதுகைக்கு இரண்டாமெழுத்தைப் பார்க்க வேண்டும், ஒன்றில் 'ல', மற்றதில் 'ரி'. 'இனும்' ஒத்திருப்பது சொல்லின் ஈறு ஒத்திருப்பது. அதைத் திரும்ப வருவனவற்றோடு சேர்த்துப் பின்னால் பேச வேண்டும். மற்றொன்று, கருங்கோல், குறிஞ்சி இரண்டையும் எதுகை என்று எழுதுவது. ஒன்று இடையின ரகரம், மற்றொன்று வல்லின றகரம். தமிழ்நாட்டில் பல வட்டாரங்களில் இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ஆனால் மலையாளம் பேசுவோர் அந்த வேறுபாட்டை இன்றும் நாக்கில் வைத்திருக்கிறார்கள். ஐயம் வந்தால் பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சியை 'கறி' என்றும் 'கரி' என்றும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். எல்லையில் வாழ்வதால் கிடைக்கும் இந்த வசதி மதுரைப் பிள்ளைக்குக் கிடையாது. அந்த இரு சீர்களிடையே இருப்பது ககர வருக்க மோனை மட்டுமே.

குறுக்காகப் பார்க்கும்போது இரண்டாமடியே வளமானது. நீரினும், ஆரள, சாரல் என்று ஒன்று, இரண்டு, நான்காம் சீர்களில் முதலெழுத்து நெடிலாகவும் இரண்டாமெழுத்து ரகர வருக்கமாகவும் வருவதால், இதைக் கீழ்க்கதுவாய் எதுகை எனலாம். ஆனால் பெயரோடு நிறுத்தாமல் அது என்ன செய்கிறது என்று கேளுங்கள். 'சாரல்' பொருளால் அடுத்த அடியைச் சேர்ந்தது. 'சாரல் கருங்கோற் குறிஞ்சி' என்பதே தொடர். ஓசையால் அது நீரோடும் ஆழத்தோடும் கட்டப்பட்டிருக்கிறது. பொருளால் மலையோடு ஒட்டியிருக்கிறது. வாசிப்பவர் அடி முடிவில் நிற்பதா, ஓடுவதா என்று ஒரு கணம் தயங்குவார். அளவையிலிருந்து மலைக்குப் பாட்டு தாண்டுவது அந்தத் தயக்கத்தின் மேல்தான்.

ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். நகரம் மென்மையானது, ஆகவே 'நாடனொடு நட்பே' என்பதில் அன்பின் மென்மை ஒலிக்கிறது என்றெல்லாம் எழுதாதீர்கள். அதே நகரத்தில் 'நஞ்சு' என்ற சொல்லும் தொடங்குகிறது. ஓர் ஒலிக்குத் தனியே குணம் கிடையாது. முதலிரு அடிகளைத் தொடங்கி வைத்த நகரம் கடைசி இரு சீர்களையும் தொடங்கி முடித்து வைக்கிறது என்பது மட்டுமே இங்கே காட்டத் தக்கது.

இனித் திரும்ப வருவன. ஒரே சொல் திரும்புவதை மட்டுமே பலர் குறிக்கிறார்கள். இப்பாட்டில் ஒரு பெயர்ச்சொல்லும் இரண்டு முறை வரவில்லை; உருபும் இடைச்சொல்லும் தொடரமைப்புமே திரும்புகின்றன. 'இனும்' வரும் சீர்களை எண்ணிடுங்கள்: ஒன்று, மூன்று, ஐந்து. ஒன்றுவிட்டு ஒன்றாக வந்ததால், ஏழாம் சீரிலும் வரும் என்று காது காத்திருக்கிறது. ஏழாம் சீரில் வருவது 'வின்றே'. பெரிதே என்று இரண்டாம் சீரில் கேட்ட ஏகாரம் அங்கே திரும்பி வந்து, அளக்கும் வேலையை முடித்துவைக்கிறது. நிலத்துக்கு இரண்டு சீர், வானுக்கு இரண்டு சீர், நீருக்கு மூன்று சீர் என்று கடைசி அளவை மட்டும் நீண்டிருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் சட்டென்று சொன்னவள் ஆழத்துக்கு வந்ததும் ஒரு சீர் அதிகம் எடுத்துக்கொள்கிறாள்.

மூன்றாவது ஏகாரம் எங்கே? பதினைந்தாம் சீரான 'நட்பே'யில். அதுவரை பெரியது எது, உயர்ந்தது எது, ஆழமானது எது என்று சொல்லப்படவே இல்லை; எழுவாய் கடைசிச் சீரில்தான் வருகிறது. இரண்டாம் சீரிலும் ஏழாம் சீரிலும் கேட்ட ஏகாரம் ஏழு சீர் இடைவெளிக்குப் பிறகு மீண்டும் ஒலிக்கும்போது, விடுபட்ட எழுவாயும் வந்து சேர்கிறது. நடுவிலுள்ள இடைவெளி முழுவதையும் குறிஞ்சிப்பூவும் தேனும் நிரப்புகின்றன.

இந்த முறை சங்கப் பாட்டுக்கு மட்டுமா என்று கேட்கலாம். வகுப்பில் இயைபைக் காட்டுவதற்காகத் தெம்மாங்கு நடையில் நானே இரண்டு அடி கட்டினேன்.

மூணாறு பஸ்ஸேறி மூணுநாளாப் போனமச்சான்
தேனாறு பாஞ்சாலும் திரும்பலையே என்மச்சான்

மச்சான் என்னும் இயைபு எல்லோருக்கும் தெரிந்தது. மூணாறு, மூணுநாளா, தேனாறு, திரும்பலையே என்று இரண்டு அடியிலும் ஒன்றாம், மூன்றாம் சீர்களில் வரும் பொழிப்பு மோனை இருப்பதையும், மூணா, தேனா என்பது ணகரமும் னகரமும் இனமாய் வந்த எதுகை என்பதையும் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். எட்டுச் சீரும் காய்ச்சீர். ஒரு பெண் அலகிட்டுவிட்டு, எல்லா இணைப்பும் வெண்டளையாக ஓடி வர, 'பாஞ்சாலும்' என்பதற்கும் 'திரும்பலையே' என்பதற்கும் இடையில் மட்டும் காய் முன் நிரை வந்து கலித்தளையாகிறது என்று காட்டினாள். அவன் திரும்பி வரவில்லை என்ற இடத்திலேயே ஓசை தட்டுகிறது. நான் அதை எண்ணிச் செய்யவில்லை. கட்டியவர் எண்ணினாரா என்பது அலகிடுபவரின் கேள்வியும் அன்று.

எழுதும்போது, கண்ட எல்லாவற்றையும் எழுதாதீர்கள். பதினைந்து சீருக்கும் வாய்பாடு எழுதிய அட்டவணை உங்கள் வேலைத்தாளில் இருக்கட்டும். கட்டுரையில், ஒன்றையொன்று தாங்கும் இரண்டு மூன்று செய்திகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடியையும் சீரையும் சுட்டி எழுதுங்கள். 'பாட்டு இரண்டு பாதியாக நடக்கிறது. முன்பாதி மோனையிலும் விளச்சீரிலும், பின்பாதி எதுகையிலும் மாச்சீரிலும் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சாரல் என்னும் சீர் ஓசையால் முன்னும் பொருளால் பின்னும் சேர்ந்து நிற்கிறது' என்று தொடங்கினால் போதும். அதன்பின் பொருளைப் பற்றி நீங்கள் சொல்வது எதுவாயினும் அதற்கு ஒரு பிடி இருக்கும்.

தனியே செய்து பார்க்க விரும்புவோர் அதே தொகையின் நாற்பதாம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்குவது. முதலடியிலேயே வகையுளி இருப்பதைக் கவனியுங்கள். இதுவும் ஈற்றயலடி முச்சீராய் வரும் நேரிசை ஆசிரியம். நாம் மேலே பார்த்த குற்றியலுகரத் தொல்லை இதில் இல்லை. வேறொரு தொல்லை உண்டு. 'எந்தையும் நுந்தையும்' என்ற இரண்டாமடியில் ஐகாரத்தை நெடிலாகக் கொண்டால் எந் / தை / யும் என்று காய்ச்சீராகிவிடும். சொல்லின் இடையில் வரும் ஐகாரம் குறுகி ஒலிப்பதால், அதைக் குறிலாகக் கொண்டு எந் / தையும் என்று பிரிக்க வேண்டும். அப்போது கூவிளம் கிடைக்கும், பாட்டு முழுதும் ஈரசைச் சீராக வரும். முன்பாட்டின் 'இழைக்கும்' என்ற சீரிலும் இதே ஐகாரம் இருந்தது; அங்கே குறிலாகக் கொண்டாலும் நெடிலாகக் கொண்டாலும் நிரையே கிடைத்ததால் நாம் கவனிக்கவில்லை.